வெள்ளிக் கட்டியில் எண் இருக்கிறது, ஏடு எங்கே?

வெள்ளி விலை ஏற ஏற, நம் வயதுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களும் மாறிவிட்டன. முன்பெல்லாம் காலை வணக்கமும் கஷாயக் குறிப்பும் வரும். இப்போது வெள்ளிக் கட்டி வருகிறது. அமெரிக்காவில் நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் வார்த்த கட்டி. மேலே கம்பெனியின் பெயர், எடை, தரம். கீழே ஓர் எண். அந்த எண்ணில் ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும். முன்னால் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும், அல்லது ஓர் இலக்கம் தலைகீழாக விழுந்திருக்கும், அல்லது நாலு சைபருக்குப் பிறகு ஒரு ஏழு. கூடவே ஒரு வரி: "அபூர்வமான எண், உலகத்திலேயே சிலதுதான் இருக்கிறது." விலை மட்டும் அன்றைய வெள்ளி விலையைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு.

வாங்கலாமா என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். நான் பொற்கொல்லன் இல்லை, வியாபாரியும் இல்லை. வங்கியில் வேலை பார்த்தவன். பாதிக் காலம் நகைக்கடன் பிரிவில் கழிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருள் பதிவேடு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கட்டியின் மேல் உள்ள எண் எதற்கும் சாட்சி ஆகாது. அந்த எண்ணை அன்றைக்கே எழுதிவைத்த ஏடு ஒன்று, விற்பவன் கையில் இல்லாமல் வேறு இடத்தில் இருந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. ஏடு இல்லாத எண்ணுக்கு ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் நானூறு வருடத்துக் கதை. சற்று நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள், கதை நன்றாகவே இருக்கும்.

1622-ஆம் வருடம் செப்டம்பர் மாதம். கியூபாவின் ஹவானா துறைமுகத்திலிருந்து ஸ்பெயின் நாட்டுக் கப்பல் கூட்டம் ஒன்று ஊருக்குத் திரும்புகிறது. தென் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியும் தங்கமும் அதில் போகின்றன. கூட்டத்தின் பின்காவலாகப் போன கப்பலுக்கு 'நுவெஸ்த்ரா சென்யோரா தே அடோச்சா' என்று பெயர். சுருக்கமாக அடோச்சா. புறப்பட்ட இரண்டாம் நாளே புயல். ஃப்ளோரிடாவின் தெற்கே உள்ள பவளத் திட்டில் மோதி, சுமார் பதினேழு மீட்டர் ஆழத்தில் அமர்ந்துவிட்டது. கப்பலில் 265 பேர். பிழைத்தது ஐந்தே பேர். வெள்ளியை மீட்க ஸ்பெயின்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். ஆனால் அடுத்த மாதமே இன்னொரு புயல் வந்து, மூழ்கிக் கிடந்ததையும் கலைத்துப் போட்டுவிட்டது. அத்தோடு இடம் தெரியாமல் போனது.

அதே புயலில் 'சாந்தா மார்கரீத்தா' என்ற இன்னொரு கப்பலும் பக்கத்திலேயே மூழ்கியது. பின்னால் வரும் சிக்கலுக்கு இது முக்கியம்.

மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1969-ல் மெல் ஃபிஷர் என்ற அமெரிக்கர் அடோச்சாவைத் தேட ஆரம்பித்தார். முதலில் தேடிய இடமே தப்பு. அவருக்கு உதவியது யூஜின் லயன் என்ற வரலாற்று ஆய்வாளர். ஸ்பெயினில் செவில் நகரத்தில் ஒரு ஆவணக் காப்பகம் உண்டு. 1785-ல் அரசர் மூன்றாம் கார்லோஸ் ஏற்படுத்தியது. 'இந்தியாஸ் காப்பகம்' என்று பெயர். (நம் இந்தியா இல்லை, கொலம்பஸ் தப்பாகப் பெயர் வைத்த இந்தியா.) அங்கே பூச்சி அரித்த பழைய தாள்களைப் படித்து, கப்பல் மூழ்கியது மார்கேசாஸ் தீவுகளை ஒட்டி என்று லயன் கண்டுபிடித்துச் சொன்னார். அதே காப்பகத்தில் கப்பலின் சரக்குப் பட்டியலும் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக் கட்டிக்கும் அதன் எண், தரம், எடை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

1973 ஜூலையில் ஃபிஷரின் ஆட்கள் மூன்று வெள்ளிக் கட்டிகளைக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அதற்கு முன்பே சங்கிலி, துப்பாக்கி, நாணயம் என்று ஏதேதோ கிடைத்திருந்தன. ஆனால் அவை எந்தக் கப்பலுடையவை என்று யார் சொல்வது? பக்கத்தில் மார்கரீத்தாவும் கிடக்கிறதே. அவரே வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டு எடுக்கிறார் என்றுகூடப் பேசினார்கள். முதலீடு போட்டவர்கள் முகம் கோணிக்கொண்டிருந்த நேரம். அப்போது கிடைத்த கட்டிகளில் ஒன்றின் எண் 4584. லயன் பட்டியலைத் தேடினார். அடோச்சாவின் சரக்கில் 4584 இருந்தது. கட்டியை நிறுத்துப் பார்த்தார்கள். எடையும் ஒத்துப்போனது.

இந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு நிமிடம் நிற்பேன். கப்பல் போய்விட்டது, அதில் போனவர்கள் போய்விட்டார்கள், அந்தக் கட்டியை அனுப்பியவனும் வாங்க இருந்தவனும் மண்ணாகி முந்நூறு வருடம் ஆகிவிட்டது. ஏதோ ஒரு குமாஸ்தா எழுதிய ஒரு வரி மட்டும் அதே இடத்தில் காத்திருந்து, "ஆமாம், இது எங்கள் கட்டிதான்" என்று சொல்கிறது. குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்கு இதைவிடப் பெருமை தரும் செய்தி வேறு கிடையாது.

ஃபிஷர் அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் தேடினார். 1975 ஜூலை 20 அன்று அவருடைய படகு ஒன்று கவிழ்ந்து மகன், மருமகள், இன்னொரு முக்குளிப்பவர் மூவரும் இறந்தார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1985 ஜூலை 20 அன்று, கப்பலின் அடிப்பகுதியும் ஆயிரத்தையொட்டிய வெள்ளிக் கட்டிகளும் கிடைத்தன. நடுவில் ஃப்ளோரிடா மாநில அரசோடு வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை. அது தனிக் கதை.

அந்தக் கட்டிகளின் மேல் இருந்த குறிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் பேசும் விஷயத்தின் முழு இலக்கணமும் அதில் இருக்கிறது.

ஒவ்வொன்றும் சுமார் முப்பது கிலோ, சில அதற்கும் மேல். ரொட்டி மாதிரி வார்த்து, குளிர்ந்ததும் மேல்பரப்பில் குறிகளை இட்டிருக்கிறார்கள். எண் ரோமன் எழுத்தில். ஆயிரத்தைக் குறிக்க ஆங்கில 'யூ' போன்ற ஒரு வளைவு. இது பழைய ஸ்பானியக் கணக்குப்பிள்ளைகளின் வழக்கம். பள்ளிக்கூடத்தில் படித்த ரோமன் எண்ணை வைத்துக்கொண்டு இதைப் படிக்கப் போனால் தலை சுற்றும். அடுத்தது தரம். நாம் 999, 925 என்கிறோம். அவர்களுக்குச் சுத்த வெள்ளி என்றால் 2400. ஒரு கட்டியில் 2380 என்று இருந்தால் அது நம் கணக்கில் 99.17 சதவீதம். பிறகு அரசருக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கு வட்ட முத்திரை. ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. அதனால் அந்த வரிக்கு 'கின்டோ' என்றே பெயர். அனுப்பியவரின் சின்னம் தனி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, கட்டியில் கரண்டியால் சுரண்டி எடுத்தது போல இருக்கும் ஒரு பள்ளம். தரம் பார்ப்பவர் மாதிரிக்காக எடுத்த துண்டு அது. ஸ்பானிய மொழியில் அதற்கு 'ஒரு வாய்க் கடி' என்று பொருள்படும் பெயர்.

ஆக, ஒரே கட்டியில் நாலைந்து பேரின் கை பட்டிருக்கிறது. வார்த்தவன், தரம் பார்த்தவன், வரி வாங்கியவன், உரிமையாளன். ஒருவன் ஏமாற்றினால் அடுத்தவனிடம் மாட்டிக்கொள்வான். இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கட்டியின் அடையாளம். எண் அதில் ஒரு பகுதி. இந்தக் குறிகள் இல்லாமலும் அந்தக் கப்பலில் பொருள் கிடைத்தது. பட்டியலில் ஏறாத மரகதக் கற்கள் ஏராளம். வரிக்குப் பயந்து ஒளித்துக் கொண்டுபோன சரக்கு. ஏட்டில் இல்லை என்பதும் ஒரு செய்திதான்.

இனி நம் வாட்ஸ்அப் கட்டிக்கு வருவோம்.

இப்படி விற்பனைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள். ஒன்று எங்கல்ஹார்ட். 1902-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரத்தில் ஆரம்பித்த நிறுவனம். (நிறுவனரின் மகனை மனதில் வைத்துத்தான் ஜேம்ஸ் பாண்டின் 'கோல்ட்ஃபிங்கர்' பாத்திரம் உருவானது என்று சொல்வார்கள்.) இன்னொன்று ஜான்சன் மேத்தே. 1817-ல் லண்டனில் வேர்விட்டது. 1979, 80-ல் ஹன்ட் சகோதரர்கள் என்ற டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். ஒரு ட்ராய் அவுன்ஸ் ஆறு டாலரில் இருந்த விலை 1980 ஜனவரியில் ஐம்பதைத் தொட்டது. மார்ச் 27-ஆம் தேதி பதினொரு டாலருக்கும் கீழே விழுந்தது. அந்தக் காலத்து ஜுரத்தில் அமெரிக்காவில் சாதாரண ஜனங்களும் வெள்ளிக் கட்டி வாங்கி வைத்தார்கள். பாட்டி காலத்து வெள்ளிக் கரண்டிகளை உருக்கக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்களோடு சின்னச் சின்ன உருக்குப் பட்டறைகளும் கட்டி வார்த்தன.

எங்கல்ஹார்ட் 1980-களின் பிற்பகுதியில் இந்தத் தயாரிப்பை நிறுத்தியது. 2006-ல் அந்த நிறுவனத்தையே ஜெர்மனியின் பாஸ்ஃப் வாங்கிவிட்டது. ஜான்சன் மேத்தே தன் தங்க வெள்ளிச் சுத்திகரிப்பு ஆலைகளை 2015-ல் ஜப்பானின் அசாஹிக்கு விற்றது. இனி வராது என்றதும் பழைய கட்டிகளுக்குக் கிராக்கி வந்தது. அதிலும் கையால் வார்த்த கட்டிக்கு, அச்சில் அடித்ததைவிட மவுசு. வார்த்த கட்டியில் அலை அலையாகக் கோடு இருக்கும், நடுவில் சற்றுக் குழிந்திருக்கும், ஓரம் உருண்டிருக்கும். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஏடு? 4584-ஐக் கொண்டுபோய்க் காட்டினால் பக்கத்தைத் திருப்பி விடை சொல்ல செவில் இருக்கிறது. எங்கல்ஹார்ட் கட்டி எண்ணைக் கொண்டுபோய்க் காட்ட, பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேடு எதுவும் கிடையாது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தாங்களே உட்கார்ந்து, கையில் கிடைத்த கட்டிகளின் படத்தையும் எண்ணையும் சேர்த்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். மெச்ச வேண்டிய உழைப்பு. என்றாலும் அது கண்ணில் பட்டவற்றின் கணக்கு. வார்த்தவற்றின் கணக்கு ஆகாது. "இந்த வகை இருநூறுதான்" என்று ஒருவர் சொன்னால், இருநூறு கண்ணில் பட்டது என்று அர்த்தம். யாரோ ஒருவர் வீட்டு லாக்கரைத் திறந்தால் அது முந்நூறு ஆகலாம். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து இந்த ஆலையைக் குறிக்கிறது, அந்த வாடிக்கையாளரைக் குறிக்கிறது என்று சொல்கிறவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தாளில் அப்படி எழுதியிருக்கிறது?

1622-ல் மூழ்கிய கட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. 1980-ல் வார்த்த கட்டிக்கு இல்லை. எனக்கு இதில் வருத்தம் மட்டுமில்லை, கொஞ்சம் கோபமும் உண்டு. ஒரு நிறுவனம் லட்சக்கணக்கான பேருக்கு எண் போட்ட பொருளை விற்றுவிட்டு, கடையை மூடும்போதோ கைமாறும்போதோ அந்த எண்களின் ஏட்டைப் பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தால் என்ன? இயந்திரத்தை விற்கிறார்கள், பெயரை விற்கிறார்கள், ஏடு மட்டும் யாருக்கும் கணக்கில் வருவதில்லை.

ஏடு இல்லை என்றால் கட்டியையே படிக்க வேண்டியதுதான். அதற்கு வழி இருக்கிறது. பூதக் கண்ணாடி ஒன்று போதும்.

பழைய வார்ப்புக் கட்டிகள் பலவற்றில் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உளியச்சு வைத்துச் சுத்தியலால் அடித்திருப்பார்கள். அப்படி அடித்தால் இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காது. ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாக விழும். வெள்ளி மெத்தென்ற உலோகம் என்பதால், அடித்த இடத்தைச் சுற்றி விளிம்பு மெல்லிசாக எழும்பியிருக்கும். பள்ளத்தின் அடி வழவழப்பாகத் தட்டையாக இருக்கும். போலிக் கட்டியை, அசல் ஒன்றை அச்செடுத்து வார்த்திருந்தால், எண்ணும் வார்ப்பிலேயே வந்திருக்கும். ஓரங்கள் மழுங்கி, பள்ளத்துக்குள் குமிழித் துளைகளோடு தெரியும். அது மட்டுமா, அதே அச்சில் வார்த்த எல்லாக் கட்டியிலும் அதே எண்தான். அதனால் அந்த எண்ணை இணையத்தில் தேடுங்கள். அதே எண்ணோடு வேறொரு ஊரில் இன்னொரு கட்டி விற்பனைக்கு இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

தலைகீழ் இலக்கம், இரட்டை அடி, விட்டுப்போன சைபர் இவையெல்லாம் விசேஷம் என்கிறார்கள். கையில் உளியச்சை எடுத்தவன் நாளெல்லாம் அடித்தால் ஒன்றிரண்டு தலைகீழாக விழத்தான் செய்யும். 6-க்கும் 9-க்கும் ஒரே உளியச்சைப் பயன்படுத்துகிற இடத்தில் எது தலைகீழ் என்று எப்படிச் சொல்வது? இதில் இன்னொரு சங்கடம்: அசல் கட்டி ஒன்றில் இன்றைக்கு ஒருவன் உட்கார்ந்து ஓர் எழுத்தைக் கூடுதலாக அடித்துவிட்டால், வெள்ளி நிஜம், பெயர் நிஜம், விசேஷம் மட்டும் பொய். அதைக் கண்டுபிடிக்க, அடித்த பள்ளத்துக்குள் பழைய கறுப்பு இருக்கிறதா, பளிச்சென்று புதுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் கறுத்து, ஓர் எழுத்து மட்டும் மின்னினால் சந்தேகம் வரத்தான் வேண்டும். ரசாயனம் போட்டு அதையும் கறுக்க வைக்கலாம் என்பது வேறு.

எண்ணைவிட எடைக்குறியை நான் நம்புவேன். சில பழைய கட்டிகளில் 10 அவுன்ஸ் என்று முழுதாக இல்லாமல் 10.03 என்பது போல அந்தக் கட்டியின் அசல் எடையையே அடித்திருப்பார்கள். அதைத் தராசில் வைத்துச் சரிபார்க்கலாம். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். பத்து அவுன்ஸ் 311 கிராம்.

அடுத்தது தண்ணீர். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, தராசைச் சைபர் ஆக்கிவிட்டு, கட்டியை நூலில் கட்டி முழுதாக முங்கும்படி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பத்து அவுன்ஸ் சுத்த வெள்ளிக்குத் தராசு 29.6 கிராம் அளவு காட்ட வேண்டும். செம்பு என்றால் 34.7 காட்டும். ஈயம் என்றால் 27.4. ஆர்க்கிமிடிஸ் செய்ததுதான். ஈயத்தையும் செம்பையும் திட்டமிட்டுக் கலந்தால் இந்தச் சோதனையையும் ஏமாற்றலாம் என்பதால், பெரிய தொகை என்றால் தரச் சோதனை மையத்துக்குப் போவது நல்லது. அங்கேயும் எக்ஸ்ரே இயந்திரம் மேல்தோலைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பதைப் பார்க்கத் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும். அதாவது அந்த ஸ்பானியக்காரனின் 'வாய்க் கடி'. நம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் யாரிடமாவது கேளுங்கள், கட்டியின் எண்ணை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வெட்டி, உருக்கி, தரம் பார்த்துத்தான் காசு.

வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வாங்குவதில்லையா, 786 முடிகிற ரூபாய் நோட்டை ஆசையாக வைத்துக்கொள்வதில்லையா, இதையும் அப்படி எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாக. ஆசைக்கு விலை கிடையாது. ஆனால் வண்டி எண்ணுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு இருக்கிறது. எந்த எண் யாருக்கு என்று அரசாங்கம் சொல்லும். கட்டி எண்ணுக்குச் சொல்ல ஆள் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்கும் பணத்தை அதில் போடும்போது, ஆசைக்கு எவ்வளவு, வெள்ளிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லண்டன் சந்தையில் கைமாறும் பெரிய கட்டிகளைப் பாருங்கள். 750 முதல் 1100 அவுன்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 23 முதல் 34 கிலோ. ஒவ்வொன்றிலும் வரிசை எண், சுத்திகரித்தவரின் முத்திரை, தரம், தயாரித்த வருடம் இருந்தாக வேண்டும். ஒரே எண் வேறு வருடத்தில் திரும்ப வரலாம். வேறு ஆலையிலும் வரலாம். அதனால் நாலும் சேர்ந்தால்தான் கட்டி இன்னது என்று சொல்ல முடியும். பெட்டகத்தில் பட்டியல் இருக்கும். அங்கே "அபூர்வ எண்" என்று யாரும் கூடுதல் கேட்பதில்லை.

நம் நாட்டுக் கப்பல் கதை ஒன்றும் உண்டு. 'எஸ்.எஸ். கெய்ர்சோப்பா', கர்நாடகத்தின் கெர்சொப்பா அருவியின் பெயர் வைத்த கப்பல். கல்கத்தாவிலிருந்து வெள்ளியோடு புறப்பட்டு, 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. 2012, 2013-ல் சுமார் 4.7 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2,792 கட்டிகளை எடுத்தார்கள். கப்பலில் இருந்ததாகக் காப்பீட்டுக் கணக்கில் காட்டிய வெள்ளியில் 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது என்று அறிவிக்க முடிந்தது. எப்படி? காப்பீட்டுக் கணக்கு கரையில் பத்திரமாக இருந்தது. அந்த வெள்ளியில் ஒரு பங்கைப் பிரிட்டிஷ் நாணயச்சாலை உருக்கிச் சின்ன நாணயங்களாக்கி, விளிம்பில் கப்பலின் பெயரைப் பொறித்து விற்றது.

இங்கே நம் ஊரில் நிலைமை மெல்ல நல்ல பக்கம் போகிறது. தங்க நகைக்கு ஆறு எழுத்து எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. கட்டாயமாகி 2023 ஏப்ரலோடு நடைமுறைக்கு வந்துவிட்டது. வெள்ளிப் பொருட்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அதே முறை, ஆனால் விருப்பத்தின் பேரில். கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, எந்த மையம், என்ன தரம் என்று வந்துவிடும். நான் கேட்கும் ஏடு இதுதான். வெள்ளிக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர்கள் செலவு கூடும் என்பார்கள். தங்கத்துக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதுவரை, தட்டோ டம்ளரோ வாங்கும்போது இந்த எண் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டி வாங்க நினைப்பவர்களுக்கு, பழைய வங்கிக்காரனாக இன்னொரு தகவல். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, வெள்ளிக் கட்டியை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்க முடியாது. நகையும், அளவுக்கு உட்பட்ட நாணயமும்தான். அவசரத்துக்கு உதவும் என்று நினைத்துக் கட்டியாக வாங்கினால், விற்கத்தான் முடியும். விற்கும் இடத்தில் அந்த அபூர்வ எண்ணுக்கு யாரும் தனியாகக் காசு எண்ணித் தர மாட்டார்கள்.

ஏற்கெனவே கட்டி வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்ததாகவும் இருக்கலாம், ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பெயர், எண், எடைக்குறி, உங்கள் தராசில் வந்த எடை, வாங்கிய தேதி, யாரிடம் வாங்கியது, என்ன விலை, எல்லாம் ஒரு பக்கம். ரசீது அதே பக்கத்தில் ஒட்டி. இரண்டு புறமும் படம் எடுத்து மகளுக்கோ மகனுக்கோ அனுப்பிவிடுங்கள். நோட்டும் கட்டியும் ஒரே பீரோவில் வேண்டாம்.

கறுத்திருக்கிறதே என்று தேய்க்கவும் வேண்டாம். அடோச்சாவின் கட்டிகளிலேயே, உப்புத் தண்ணீர் தின்ற மேல்பரப்பைச் சுத்தம் செய்தபோது சிலவற்றில் குறிகள் படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தன. புளி, விபூதி, பல்பொடி எதுவும் கட்டியின் பக்கம் போகக் கூடாது. குத்துவிளக்குக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் அவை போதும்.